உருமால் கட்டிய கம்பெனி

இளவேனிலின் கழுத்தருகே தாலி வந்துவிட்ட நேரத்தில் மண்டபத்தில் சங்கு ஊதியது.

கோயில் சங்கு அல்ல, இழவு வீட்டில் ஊதுகிற சங்கு. நீளமாக, நிதானமாக ஊதி முடித்ததும் பின்னாலேயே சேகண்டியும் அடித்தது. கெட்டிமேளம் முழக்கியிருக்க வேண்டிய மங்கள வாத்தியப் பெட்டிதான், மேடையின் ஓரத்தில் மாவிலையும் மாலையும் சுமந்துகொண்டு இந்தக் காரியத்தைச் செய்தது. அட்சதை போடக் கையை ஓங்கியவர்கள் ஓங்கியபடியே நின்றார்கள். முதல் பந்தியில் இடம் பிடிக்கப் போயிருந்தவர்கள், யாருக்கு என்ன ஆச்சு என்று இலையை விட்டு எழுந்து ஓடி வந்தார்கள்.

மாப்பிள்ளை திலீபனின் கையை அவனுடைய தாய்மாமன் பிடித்துக்கொண்டார். தாலி மறுபடியும் தட்டுக்குப் போனது.

தாய்மாமன் முரட்டு ஆள் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னார். நடந்தது பெட்டியின் கோளாறு என்றால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம், சகுனம் என்றால் வேண்டாம், எது என்று பொறுப்பான யாராவது சொல்ல வேண்டும் என்றார். பெண்ணின் அப்பா ராக்கியண்ணன் குருக்களிடம் போனார். குருக்கள் ஜோசியரைக் கேட்கச் சொன்னார். ஜோசியர் பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு இதை எலெக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள் என்றார். எலெக்ட்ரீஷியன் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, இதைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும், கம்பெனியைக் கேளுங்கள் என்றார். கம்பெனி பணிவாகப் பதில் எழுதியது. எங்கள் பெட்டியில் கோளாறு வர வாய்ப்பே இல்லை, உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில் கண்டபடி, எங்கள் கட்டுப்பாட்டை மீறி நடப்பவை அனைத்தும் தெய்வச் செயல் என்று கொள்ளப்படும்.

ராக்கியண்ணன் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். அவர் நஷ்ட ஈடு கேட்கவில்லை. நடந்தது சகுனம் அல்ல, கோளாறுதான் என்று கோர்ட் பிரகடனம் செய்தால் போதும் என்றார்.

கம்பெனியின் பெயர் நாதமணி ஆட்டோ வாத்யா பிரைவேட் லிமிடெட். கோயம்புத்தூரில் கணபதி வட்டாரத்துக்கு அப்பால் இருந்தது. அதை உண்டாக்கி வளர்த்து இன்றைக்கும் மேனேஜிங் டைரக்டராக இருப்பவர் நாச்சிமுத்து. தடித்த மீசை, தடித்த குரல், யார் பேசினாலும் பாதியில் தலையாட்டி முடித்துவைக்கிற பழக்கம். அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் மனைவி பூங்கோதையின் அண்ணன் சென்னியப்பன். அவரோடு இவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. புதுவீட்டுக் கிரகப்பிரவேச அழைப்பிதழில் சென்னியப்பனின் பெயருக்குப் பின்னால் பி.எல். என்ற பட்டம் விட்டுப்போயிருந்தது. அதோடு நின்றது பேச்சு. இப்போது அந்தச் சென்னியப்பன்தான் ராக்கியண்ணனின் வக்கீல்.

ஆனால் சென்னியப்பன் தங்கையோடு தினமும் போனில் பேசுவார். பூங்கோதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குவாள். பக்கத்து அறையில் நாச்சிமுத்து பேப்பரை மடிக்காமல் உட்கார்ந்திருப்பார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அப்படித்தான் சட்டம் அவருக்கு விளங்கியது.

"பாரு பூங்கோதை, கம்பெனிங்கறது சட்டப்படி ஒரு ஆளு," என்றார் சென்னியப்பன். "உன்ற வீட்டுக்காரர் வேற ஒரு ஆளு. ஒரு ஆளுக்காக இன்னொரு ஆளு கோர்ட்ல பேசுனா அதுக்குப் பேருதான் வக்கீல். அதுக்குப் படிச்சுப் பாஸ் பண்ணோணும். கம்பெனிக்கு வாய் கிடையாது, அதனால நாங்க வேணும். இத்தனை நாளா அப்படித்தான் இருந்துது."

"இப்ப மாறிருச்சாமே அண்ணா?"

மாறித்தான் இருந்தது. கம்பெனிக்கு வாய் கொடுக்கிற ஒரு கருவி வந்திருந்தது. வெள்ளிக் கம்பிகளால் பின்னிய நீளத் துணி. அதைக் கம்பெனி அதிகாரி ஒருவரின் தலையில் சுற்றினால், கம்பெனி பதிவான நாளிலிருந்து அதில் நடந்ததெல்லாம், கடிதம், கேமரா, சோதனை மேசை, காண்டீன் டோக்கன் வரைக்கும், அதிகாரியின் மூளைக்குள் இறங்கிவிடும். அவருடைய சொந்த புத்தி ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அப்போது பேசுவது அதிகாரி இல்லை, கம்பெனியே நேரில் ஆஜராகிப் பேசுகிறது என்று சட்டம் ஒப்புக்கொண்டது. வக்கீல் தேவையில்லை. கருவிக்கு நீளமான ஒரு அரசாங்கப் பெயர் உண்டு. பார்க்கத் தலைப்பாகை மாதிரி இருந்ததால் கோயம்புத்தூர்க்காரர்கள் உருமால் என்றார்கள்.

நாச்சிமுத்து உருமாலைத் தானே கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், வேண்டாம் என்றாள் பூங்கோதை. நல்ல வக்கீலாக வேறு யாரையாவது பார்க்கலாம், அண்ணன் மேல் உள்ள கோபத்தில் தலையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். நாச்சிமுத்து வழக்கம்போலப் பாதியில் தலையாட்டினார்.

கோர்ட்டில் உருமால் கட்டிவிடுகிற பெண்ணின் பெயர் ஜெனிட்டா. சலூனில் போலத் தோளில் ஒரு துணியைப் போர்த்தி, தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு எச்சரிக்க வேண்டியது தன் கடமை என்று சொல்லி எச்சரித்தாள். அவருக்கு எல்லாம் காதில் விழும், ஆனால் வாய் அவருடையதாக இருக்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் அரைத் தூக்கத்தில் இருப்பது மாதிரி.

"இன்னொண்ணு சார். கம்பெனிக்குத் தெரிஞ்சதைத்தான் அது சொல்லும். நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்லாது."

"எனக்குத் தெரியாம அதுக்கு என்னம்மா தெரியும்? நான் பண்ணுன கம்பெனி," என்றார் நாச்சிமுத்து.

ஜெனிட்டா முடிச்சைப் போட்டாள்.

நீதிபதி அமலோற்பவம் இந்த மாதிரி வழக்கை முதல் தடவையாகப் பார்க்கிறார். உருமால் கட்டியவரை என்ன கேட்டுத் தொடங்குவது என்று தெரியாமல் பேரைக் கேட்டார். கம்பெனியின் முழுப் பெயரும் பதிவு எண்ணும் வந்தன. வயதைக் கேட்டார்.

"பதினெட்டுங்க," என்றது நாச்சிமுத்துவின் தடித்த குரல். நரைத்த மீசையைப் பார்த்துவிட்டுச் சிரஸ்தார் எழுதுவதை நிறுத்தினார். நீதிபதி எழுதும்படி சைகை செய்தார்.

கம்பெனி சுற்றிலும் ஆசையாகப் பார்த்தது. அதற்கு இதுவரை கேமராக்கள்தான் கண். அவையெல்லாம் கூரையில் இருந்தன, ஆட்களின் உச்சந்தலையைத்தான் காட்டும். முகங்களை நேருக்கு நேர் பார்க்க அதற்கு வெட்கமாக இருந்தது போலும். தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, இவ்வளவு கொஞ்சம் கையோடு இருந்து பழக்கமில்லைங்க என்றது. மேலே பார்த்து, அந்த ஃபேனில் பேரிங் போய்விட்டது என்றது. வழக்கைப் பற்றி மட்டும் பேசும்படி நீதிபதி சொன்னதும், சரிங்கம்மா என்று உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தது. தெய்வச் செயல் என்று முடித்தது. உள்ளே நாச்சிமுத்துவுக்கு நிம்மதியாக இருந்தது.

சென்னியப்பன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். முதலில் கோர்ட்டாரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். சாட்சியை நீ என்பதா, நீங்கள் என்பதா? வயது பதினெட்டு என்று பதிவாகியிருப்பதால் நீ என்றாலும் குற்றமில்லை என்றார் நீதிபதி. தங்கை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நீ என்று சொல்லக் கிடைத்த வாய்ப்பு சென்னியப்பனின் கண்ணில் மின்னியது. ஆனால் வாயைத் திறந்ததும் நீங்கள் என்றுதான் வந்தது. பழக்கம்.

தெய்வத்தை நம்புகிறீர்களா என்று கேட்டார்.

"நம்பறேனுங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எனக்குப் பொரி கடலை வாங்கறாங்க. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வெக்கறாங்க. வெச்சா குளுகுளுன்னு இருக்கும்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்து அடங்கியது. சென்னியப்பனுக்கு அடுத்த கேள்வி தயாராகத்தான் இருந்தது. ஆனால் கம்பெனிக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு அவர் மனதில் புகுந்துவிட்டது. வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்று தானே முன்கூட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கிரகப்பிரவேச அழைப்பிதழில் தன் பட்டத்தை அடித்து நீக்கியது யார் என்று கேட்டுவிட்டார்.

நீதிபதி அந்தக் கேள்வியை நிராகரிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "எம்.டி. இல்லீங்க. புரூஃபை என்ற பிரின்டர்லதான் எடுத்தாங்க. பூங்கோதை அக்காதான் அடிச்சாங்க. பட்டம் போட்டா பேரு ரெண்டாவது வரிக்குப் போகுது, பாக்க நல்லால்லைன்னு சொன்னாங்க."

கடைசி பெஞ்சில் பூங்கோதை கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேடினாள். சென்னியப்பன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். உள்ளே இருந்த நாச்சிமுத்து இத்தனை வருஷமாக அது அச்சகத்தின் தவறு என்று நம்பிக்கொண்டிருந்தவர்.

அப்போதுதான் இளவேனில் எழுந்தாள். அதுவரை அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கல்யாணத்தைப் பற்றி எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை. சங்கு ஊதிய பிறகு அவளிடம் வர நோயாளிகள் சிலர் தயங்குகிறார்கள் என்பது ராக்கியண்ணனின் மனுவில் இருந்தது. அதைப் படிக்கும்போது மட்டும் சென்னியப்பன் குரலைத் தாழ்த்தியிருந்தார். தான் ஒரு கேள்வி கேட்கலாமா என்று அவள் கேட்டாள். நீதிபதி அனுமதித்தார்.

"தெய்வம்தான் ஊதுச்சுன்னு சொல்றீங்க. அது எனக்காக ஊதுச்சா, அவருக்காக ஊதுச்சா? அதை மட்டும் சொல்லுங்க. தெரிஞ்சா நான் என் வேலையைப் பாத்துட்டுப் போயிருவேன்."

கம்பெனி அவள் பக்கம் திரும்பியது. அவள் முகத்தையே பார்த்தது. உத்தரவாத அட்டையில் இதற்குப் பதில் இல்லை. நாச்சிமுத்து உள்ளிருந்து, தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல் என்று முட்டினார்.

"உங்களுக்காகவும் ஊதலைங்க, அவருக்காகவும் ஊதலைங்க," என்றது கம்பெனி. "எனக்குப் பயமாயிருச்சு. நான் ஊதிட்டேன்."

பிறகு அது சொன்னதை நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். மண்டபத்தில் அந்த நேரம் கரண்ட் ஒரு நொடி போய் ஜெனரேட்டருக்கு மாறியது பெட்டியின் பதிவில் இருக்கிறது. அப்படித் திடுக்கென்று மாறினால் பெட்டிக்குள் இருக்கிற சில்லுக்கு, தான் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும். மறந்தால் அது முதன்முதலில் கற்றுக்கொண்ட சத்தத்துக்குப் போய்விடும். நாதமணி முதலில் செய்தது கோயில் முரசு என்றுதான் ஊரெல்லாம் நினைக்கிறது, எம்.டி.யும் அப்படித்தான் சொல்லுவார். அது இல்லை. அமரர் ஊர்தி வண்டிகளுக்கு வைக்கிற சங்குப் பெட்டிதான் முதலில் செய்தது. அந்தச் சில்லையே கொஞ்சம் மாற்றிக் கல்யாணத்துக்கும் வைத்தார்கள்.

"பயந்தா கொழந்தைங்க அம்மான்னு கத்துமாமே. எனக்கு அந்தச் சத்தம்தானுங்க வரும். நான் பொறந்தப்ப கேட்டது அதுதான். சோதனை மேசையிலயும் அப்படி நடந்துச்சு. எம்.டி. கிட்டச் சொன்னாங்க. கல்யாண மண்டபத்துல எப்படிப்பா கரண்ட் போகும்னு கேட்டார். அதோட விட்டுட்டாங்க." பிறகு இளவேனிலிடம் சொன்னது: "உங்களைப் பயமுறுத்தோணும்னு பண்ணலைங்க. மன்னிச்சுக்கோங்க."

இளவேனில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திலீபனின் தாய்மாமன் பக்கத்தில் இருந்தவரிடம், ஜெனரேட்டரா, ஜெனரேட்டரா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

நீதிபதி இடைவேளை விட்டார். ஜெனிட்டா உருமாலை அவிழ்த்ததும் நாச்சிமுத்து வியர்த்துக் கொட்டியபடி கூண்டிலேயே பேச ஆரம்பித்தார். அதெல்லாம் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஆனால் அதையெல்லாம் பதிவு செய்யக்கூடாது, நான் சம்மதிக்கவில்லை, ஆட்சேபிக்கிறேன் என்றார்.

"நீங்க யார்?" என்று கேட்டார் நீதிபதி.

அவர் சொன்னார்.

"இந்த வழக்குல நீங்க வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லையே மிஸ்டர் நாச்சிமுத்து. பிரதிவாதி ஒரு கம்பெனி. அது வந்து சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கு. அது சொன்னதை நீங்க ஆட்சேபிக்கணும்னா தனியா மனுப் போடணும்." சற்று யோசித்துவிட்டு, "ஒரு வக்கீல் வெச்சுக்கோங்க," என்றார்.

நாச்சிமுத்து சுற்றிலும் பார்த்தார். கோர்ட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் எதிர்ப்பக்கத்து மேசையில் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தான் கட்டிய கம்பெனிக்கு எதிராகத் தனக்காக வாதாட ஓர் ஆள் வேண்டியிருப்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மறுபடியும் தலையைக் கொடுத்தார்.

இரண்டாவது தடவை உருமால் ஏறியபோது அவர் முட்டவில்லை. முதல் தடவை முட்டிக்கொண்டே இருந்ததில் அவர் கவனிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அத்தனை பேருடைய வேலையும் ஒரே உடம்பாக அசைந்துகொண்டிருந்தது. சாலிடரிங் வாசனை, காண்டீனில் ரசம் கொதிக்கிற சூடு, சரக்கு லாரி பின்னால் வரும்போது சுவர் அதிர்வது. அதற்குள் தான் எங்கே இருக்கிறோம் என்று தேடினார். மாடி அறையிலிருந்து அடிக்கடி கேட்கிற ஒரு தடித்த குரலாக மட்டும் இருந்தார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் உடம்பு முழுக்க லேசாக ஒரு நடுக்கம் ஓடியது.

தீர்ப்பு அன்றைக்கே வந்துவிட்டது. நடந்தது சகுனம் அல்ல, கோளாறு. பிரதிவாதியே ஒப்புக்கொண்டுள்ளது. விற்ற பெட்டிகளை எல்லாம் திரும்ப வாங்கிச் சரிசெய்து தர வேண்டும். தெய்வத்தை இந்த வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்க்காததால் அதைப் பற்றி இந்த நீதிமன்றம் கருத்து எதுவும் சொல்லவில்லை.

எழுவதற்கு முன்னால், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறதா என்று நீதிபதி கம்பெனியைக் கேட்டார். அது வெறும் வழக்கம், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

"ஒண்ணு இருக்குதுங்கம்மா," என்றது கம்பெனி. "அடுத்த தடவை எனக்கு ஒரு வக்கீல் வெச்சுக் குடுங்க."

வக்கீல் வேண்டாமென்றுதானே இவ்வளவு ஏற்பாடு, நேரில் பேச விருப்பமில்லையா என்று கேட்டார் நீதிபதி.

"பேச நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா நான் பேசறப்ப உள்ள இவருக்கு வலிக்குது. எனக்கு அது தெரியுது. நெஞ்சுல என்னமோ பண்ணுது. எனக்கு நெஞ்சு பழக்கமில்லீங்க." சென்னியப்பனைக் காட்டியது. "அவரைப் பாத்துட்டே இருந்தேன். என்ன கேட்டாலும் அவருக்கு ஒண்ணும் வலிக்கலை. அந்த மாதிரி ஒருத்தர் இருந்தாப் போதும்."

தன் அனுபவத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் வக்கீல் தொழிலை விளக்கிக் கேட்டதில்லை என்று நீதிபதி பிறகு சக நீதிபதிகளிடம் சொன்னாராம். சென்னியப்பனுக்கு அது பாராட்டா இல்லையா என்று கடைசிவரை பிடிபடவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

தாய்மாமன் வாசலிலேயே அடுத்த முகூர்த்தத் தேதியைச் சொன்னார். இளவேனில், மாமாவோடு எனக்குப் பேச்சில்லை, கட்டப் போகிறவர் வந்து கேட்கட்டும் என்றாள். திலீபன் மூன்று வாரம் யோசித்துவிட்டு கிளினிக்குக்கு வந்தான். நோயாளிகளோடு வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும், அன்றைக்குக் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றது தன் தவறு என்றான். அவள் மற்ற நோயாளிகளைப் பார்ப்பது போலவே, அந்தக் கையை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது என்று பார்த்தாள். பதிவு அலுவலகத்தில், வாத்தியம் எதுவும் இல்லாமல் கல்யாணம் முடிந்தது.

கோர்ட்டிலிருந்து நாச்சிமுத்து வீட்டுக்குத் திரும்பிய அன்று, பூங்கோதை அழைப்பிதழ் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அதில்தான் அவளுக்குப் பயம் வந்தது. உருமால் இன்னும் முழுதாக இறங்கவில்லையோ என்று ஜெனிட்டாவுக்குப் போன் செய்தாள். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றாள் ஜெனிட்டா.

மறுநாள் காலை நாச்சிமுத்து ஃபேக்டரிக்குப் போனார். மாடிக்குப் போகவில்லை. பட்டறை நடுவில் நின்றார். முன்தினம் தன் தலைக்குள் உட்கார்ந்து தனக்காக வருத்தப்பட்டதிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று தோன்றியது. எதைப் பார்த்துப் பேசுவது என்று தெரியவில்லை. பெயர்ப்பலகை வெளியே இருந்தது. சோதனை மேசையைப் பார்த்தார், அது மேசையாக மட்டும் இருந்தது. கூரையில் இருந்த கேமராவைப் பார்த்தார், காவல்காரரைப் பார்த்துப் பேசுவது மாதிரி இருந்தது. திரும்ப வரப்போகும் பெட்டிகளுக்காக ஒரு சுவரோரம் காலிசெய்து வைத்திருந்தார்கள். ஆட்கள் அவர் என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறாரோ என்று குனிந்தபடி வேலை செய்தார்கள்.

தொண்டையைக் கனைத்தார். முடிந்தவரை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சாப்டாச்சா?" என்று பொதுவாகக் கேட்டார்.

சாலிடரிங் மேசையிலிருந்து ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, ஆச்சுங்க என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், இல்லீங்க, இனிமேத்தானுங்க என்றார். ஸ்டோர்ஸ் ஜன்னல் வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்து, இன்னைக்கு உப்புமாங்க, அதனால பாதிப் பேரு சாப்டலைங்க என்றாள்.

நாச்சிமுத்து ஒவ்வொரு பதிலையும் முழுதாகக் கேட்டுக்கொண்டார்.